பூவரசுக் கிளையிலிருந்து ஒரு கரண்டி

தோட்டத்தில் காற்றுக்கு முறிந்து விழுந்த பூவரசுக் கிளை ஒன்று கிடக்கிறது, மின்கருவி எதுவும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்து அதிலிருந்து ஒரு சமையல் கரண்டி செதுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது ஓர் அரிவாள், ஒரு ரம்பம், ஒரு சின்னக் கத்தி. முன்பு தச்சுப் பட்டறையில் வாங்கி வந்த தேக்குத் துண்டில் முயன்று கை வலித்ததுதான் மிச்சம் என்றும், வெளிநாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் அந்த வளைந்த கத்தி இல்லாமல் இது ஆகாதோ என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகும். உங்களிடம் இருக்கும் மூன்றுமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். குழி தோண்டத்தான் வேறொன்று வேண்டும். அதற்கும் காசில்லாத வழி ஒன்று உண்டு, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். கரண்டி செதுக்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் முதலில் கத்தியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் கரண்டி நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் கட்டையில் இருக்கிறது. அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அதன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, இந்த இரண்டும் பிடிபட்டால் சாதாரணக் கத்தியே போதும்.

முதலில் அந்தத் தேக்கு. பட்டறையில் கிடைத்தது காய்ந்த மரம். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது: நார்களின் உள்ளே வெற்றிடத்தில் நிற்பது ஒன்று, நார்களின் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. வெட்டிய பிறகு உள்ளே நிற்பது முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர மரம் சுருங்காது, இறுகாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் சுவரில் ஊறிய நீர் வற்றத் தொடங்கும். மரம் சுருங்குவதும் கெட்டிப்படுவதும் வெடிப்பதும் அப்போதுதான். நம் ஊர்க் காற்றில் கிடக்கும் மரம் கடைசியில் 12, 13 சதவீத அளவில் வந்து நிற்கும். அந்த நிலையில் கத்தி இறங்காதது நியாயம்தான். போதாததற்குத் தேக்கில் சிலிக்கா என்ற மணற்சத்து உண்டு, அது கத்தியின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பச்சைப் பூவரசில் அதே கத்தியை வைத்துப் பாருங்கள், வேறு கத்தியோ என்று தோன்றும்.

பச்சை மரத்தில் கரண்டி செதுக்குவதை இன்று பல நாட்டுக்காரர்களும் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஸ்வீடன்காரர்களிடமிருந்து. பிர்ச் மரத்துண்டு, கைக்கோடாலி, நேர்க்கத்தி, வளைகத்தி, அவ்வளவுதான் அங்கே மொத்தச் சாமான். வில்லே சுண்ட்க்விஸ்ட் என்ற கைவினைஞர் கத்தி பிடிக்கும் முறைகளை ஒழுங்காக வகுத்துச் சொல்லிக்கொடுத்தார். இங்கிலாந்தில் ஈடேல் கிராமத்தில் 2012இல் கரண்டி செதுக்குபவர்களுக்கென்றே ஒரு திருவிழா தொடங்கியது. வேல்ஸ் நாட்டில் காதலிக்குக் கொடுப்பதற்காக இளைஞர்கள் செதுக்கிய கரண்டிகளில் 1667 என்று ஆண்டு பொறித்த ஒன்று கார்டிஃப் நகரை ஒட்டிய செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் சமையலறையிலும் மரச்சாமானுக்குக் குறைவில்லை. பருப்பு மத்து, களி கிண்டும் துடுப்பு, அல்வாத் துடுப்பு எல்லாம் மரம்தான். குழி வைத்த மரக்கரண்டிதான் நம்மிடம் அதிகம் புழங்கவில்லை. கொட்டாங்கச்சி, குழியைத் தானே தந்துவிடும்போது மெனக்கெட்டு மரத்தை யார் தோண்டுவார்கள்? ஒரு மூங்கில் பிடியைச் செருகினால் அகப்பை தயார்.

பூவரசு கிடைத்தது உங்கள் நல்ல நேரம். மிதமான கடினம், நெருக்கமான நார், காய்ந்த பிறகு நல்ல உறுதி. வெளிப்பக்கம் வெளிறியும் உள்வைரம் செம்பழுப்பாகவும் இருக்கும். முற்றிய கிளையாக இருந்தால் ஒரே கரண்டியில் இரண்டு நிறமும் வரும்படி அமைக்கலாம். நாம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் இதே மரத்துக்கு ஹவாய்த் தீவுகளில் மிலோ என்று பெயர். உணவு வைக்கும் கிண்ணங்களுக்கு அங்கே விரும்பிப் பயன்படுத்திய மரங்களில் அது ஒன்று. சாப்பாட்டில் மரவாடை ஏறாது என்பது காரணம்.

அடுத்த முறைக்கு வேறு மரம் தேடினால் வெப்பாலை கற்றுக்கொள்பவர்களுக்கு ரொம்பத் தோது. வெண்மையான, மிருதுவான, நுண்ணிய நார் கொண்ட மரம். சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகளும் ஆந்திரத்து எட்டிகொப்பாகா பொம்மைகளும் அதில் செய்தவைதான். கொய்யா அருமையான மரம், ஆனால் கடினம். பம்பரம் செய்யும் கட்டை அல்லவா, கை பழகிய பிறகு எடுங்கள். பலா நன்றாகச் செதுக்க வரும், பால் மட்டும் கத்தியில் ஒட்டும், அவ்வப்போது எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். மாமரம் எங்கும் கிடைக்கும். அதன் பால் சிலருக்கு அரிப்பைத் தரும் என்பதை நினைவில் வையுங்கள். வேப்பங்கரண்டி கடைகளிலேயே விற்கிறது. தொடக்கத்தில் லேசாகக் கசக்கும், புழங்கப் புழங்கப் போய்விடும். ஆனால் வேம்பின் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியுமாகப் பின்னி ஓடும், எந்தப் பக்கம் சீவினாலும் ஓரிடத்தில் பிய்யும். முதல் கரண்டிக்கு அதைத் தொடாதீர்கள். புளி, கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக இருக்கட்டும். முருங்கை ஒன்றுக்கும் உதவாது.

தொடவே கூடாதவையும் உண்டு. அரளி, தங்க அரளி, எருக்கு, கள்ளி வகைகள், எட்டி, சேங்கொட்டை, கடலோரத்துத் தில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் அபாயம் உண்டு. பெயர் உறுதியாகத் தெரியாத மரத்தில் வாயில் வைக்கும் சாமான் செய்யாதீர்கள். மற்றபடி கட்டைக்கு அலைய வேண்டியதில்லை. மின்வாரியத்தார் கம்பியில் இடிக்கும் கிளைகளை வெட்டிப் போடும் நாளில் தெருவை ஒரு சுற்று வந்தால் ஒரு மாதத்துக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

சரி, கிளைக்கு வருவோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கும் நீளத்தைவிடச் சற்று அதிகமாக, 35 செ.மீ. அளவுக்கு ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு 10 செ.மீ. இருந்தால் நல்லது, 8 இருந்தாலும் சமாளிக்கலாம். கணு இல்லாத இடமாகப் பாருங்கள். கிளையின் முனைகள்தான் முதலில் காய்ந்து கீறும் என்பதால், விழுந்து சில நாள் ஆகியிருந்தால் முனையில் 3 செ.மீ. கழித்துவிட்டு அங்கிருந்து அளக்கவும். மீதிக் கிளையைத் துண்டு போடாமல் நீளமாகவே நிழலில் வைத்து, வெட்டுவாயில் மெழுகோ சாணமோ பூசிவிடுங்கள். துண்டு போட்டாகிவிட்டதென்றால் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி, தினமும் தண்ணீர் மாற்றி வைக்கலாம், வாரக்கணக்கில் தாங்கும்.

இப்போது பிளக்க வேண்டும். அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். துண்டை நிறுத்தி, அரிவாளின் வாயை நட்டநடுவே வைத்து, அதன் முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். சுத்தியலால் தட்டினால் இரும்பில் இரும்பு பட்டுச் சில்லு தெறிக்கும், அரிவாளும் கெடும். பச்சை மரம் நாரோடு நாராகப் பிரிந்து வரும். பிளந்த முகம் நேராக இருந்தால் நல்ல கட்டை. முறுக்கிக்கொண்டு வந்தால் அந்த மரமே முறுக்கு நார் உள்ளது, அடுப்புக்குப் போகட்டும். ரம்பத்தால் அறுத்திருந்தால் இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும், கரண்டியின் காம்பு ஒரு நாள் குழம்புக்குள் முறிந்திருக்கும்.

கிளையின் நடுவே ஓடும் மிருதுவான தண்டுப் பகுதியை இரண்டு பாதியிலிருந்தும் சீவி எறிந்துவிடுங்கள். இதை விட்டுவைத்தால் கரண்டி வெடிப்பது ஏறக்குறைய நிச்சயம். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டு உள்ளேயே இருந்தால் அதைச் சுற்றியுள்ள வளையம் சுருங்க இடமில்லாமல் எங்கேயாவது கிழிந்துதான் ஆக வேண்டும். பாதியாகப் பிளந்து நடுவை எடுத்துவிட்டால் வளையம் திறந்துகொள்கிறது; கட்டை கொஞ்சம் வளையும், ஆனால் வெடிக்காது.

கிளையில் இயற்கையாகவே வளைந்த பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். கரண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் காம்பும் குழியும் ஒரே கோட்டில் இருக்காது, கழுத்தில் ஒரு வளைவு இருக்கும். நேரான கட்டையில் அந்த வளைவைச் செதுக்கும்போது நார்கள் கழுத்தில் குறுக்கே அறுபடுகின்றன. வளைந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடுவதால் கழுத்து மெலிந்தாலும் முறியாது. நல்ல கரண்டிக்காரர்கள் வளைந்த கிளையைக் கண்டால் விடமாட்டார்கள்.

பிளந்த பாதியை 30 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இது அரிவாள் வேலை. கீழே ஒரு வெட்டுக்கட்டை வேண்டும், உட்கார்ந்த நிலையில் முழங்கால் உயரத்துக்கு. கட்டையின் மேல்முனையை இடக்கையால் பிடித்து, கீழ்ப்பாதியில் மட்டும் கொத்துங்கள். கீழ்ப்பாதி முடிந்ததும் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மறுபாதி. பிடித்த கைக்கு நேரே அரிவாள் வரவே கூடாது. வெட்டுக்கட்டையின் எதிர் ஓரத்தில் வைத்து வெட்டுங்கள். அரிவாளின் வளைந்த மூக்கு தப்பி வந்தாலும் உங்கள் காலுக்கு முன்னால் கட்டையில் போய் நிற்கும். வெட்டுக்கத்தி ஒன்று கிடைத்தால் இந்த வேலைக்கு அரிவாளைவிட அது மேல்.

கரண்டியின் படத்தை நேரடியாகக் கரிக்கட்டையால் வரையலாம். முதலில் பக்கவாட்டு வளைவை வெட்டி மேல்முகத்தை அமைத்துவிட்டு, அப்புறம் அந்த மேல்முகத்தில் குழியும் காம்பும் வரைவது நல்லது. சமையல் கரண்டிக்குக் குழியின் அகலம் 5 செ.மீ., நீளம் 7 செ.மீ. போதும். கழுத்து இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ரம்பத்தால் கோடு வரை ஒரு வெட்டுப் போட்டுவையுங்கள். காம்புப் பக்கமிருந்து அரிவாளால் சீவிக்கொண்டு வரும்போது பிளவு குழிப் பகுதிக்குள் ஓடாமல் அந்த வெட்டில் நின்றுவிடும்.

இதற்கு மேல் கத்தி. கூர்மையில்லாத கத்தி இந்த வேலையில் ஆபத்தானது, ஏனென்றால் அதிகம் அழுத்துவீர்கள், அழுத்தினால் வழுக்கும். வாயின் இருபக்கச் சரிவையும் சாணைக்கல்லில் முழுமையாகப் படியவைத்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டும் வரை தேய்க்க வேண்டும், பிறகு அடுத்த பக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப்புறமாக இழுத்தால் பிசிறு போய்விடும். பனையேறிகள் பாளை அரிவாளைத் தீட்டுப்பலகையில் கல்தூள் தூவித் தீட்டுவார்கள். அந்தக் கூர்மைதான் நமக்கும் வேண்டும். பச்சை மரத்தின் வெட்டுவாயைக் குறுக்கே சீவிப் பாருங்கள். சீவிய இடம் பளபளத்தால் கத்தி தயார். வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

கத்தியைப் பிடிப்பதில் இரண்டு முறை தெரிந்தால் தொடங்கிவிடலாம். வலக்கை கத்தியை அசையாமல் பிடித்திருக்க, இடக்கைக் கட்டைவிரல் கத்தியின் முதுகைத் தள்ளும். இதில் வெட்டு ஒரு விரல் நீளத்துக்குமேல் போகாது, அதனால் கட்டுப்பாடு அதிகம். இன்னொன்று, மாங்காய்த் தோல் சீவுவது போல வலக்கைக் கட்டைவிரலைக் கரண்டியில் ஊன்றி விரல்களை மூடிக்கொண்டே வருவது. இதில் கட்டைவிரல் கத்தி வரும் பாதைக்குக் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும். துணி சுற்றிக்கொள்வதில் தவறில்லை. தொடைகளுக்கு நடுவே வைத்து மட்டும் செதுக்காதீர்கள். தொடையின் உட்பக்கம் பெரிய இரத்தக்குழாய் போகிறது. முழங்கைகளை முட்டியில் ஊன்றி, கட்டை கால்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி உட்காருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நார். என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான். கட்டைக்குள் நார்கள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நீளமாக ஓடுகின்றன. அவற்றுக்கு இணையாகச் சீவினால் எந்தப் பக்கமும் சரி. ஆனால் கரண்டியில் நேரான இடமே கொஞ்சம்தான். வளைவில் சீவும்போது கத்தி நார்களை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறதா, அல்லது நார்களுக்கு அடியில் நுழைகிறதா என்பதுதான் கேள்வி. வெளியே வந்தால் முகம் வழுவழுப்பாகும். அடியில் நுழைந்தால் கத்தி நாரைத் தூக்கும், பிளவு நீங்கள் போட்ட கோட்டைக் கேட்காமல் தன் போக்கில் ஓடும், கரண்டி ஓரம் பெயர்ந்து கையோடு வரும்.

இதற்கு ஒரே விதி. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவுங்கள். கழுத்து உள்ளே ஒடுங்கும் பள்ளம். குழிப் பக்கத்து மேட்டிலிருந்து கழுத்தின் அடி வரை வந்து நிறுத்துங்கள். கத்தி எதிர் ஏற்றத்தில் ஒரு நூல்கூட ஏறக் கூடாது. கரண்டியைத் திருப்பிக்கொண்டு காம்புப் பக்கத்து மேட்டிலிருந்து அதே அடிக்கு வாருங்கள். இரண்டு பக்கத்து வெட்டும் அடியில் சந்திக்கும் இடத்தில் சுருள் தானாக அறுந்து விழும். விழாவிட்டால் பிய்க்காதீர்கள், மறுபக்கமிருந்து இன்னொரு மெல்லிய வெட்டு கொடுங்கள். குழியின் வெளிக்கோட்டில் இதே விதி இன்னொரு வடிவில் வருகிறது: அகலமான இடத்திலிருந்து தொடங்கி நுனியை நோக்கி ஒரு பக்கம், கழுத்தை நோக்கி ஒரு பக்கம். கணு ஏதாவது குறுக்கிட்டால் அதைச் சுற்றி நார் திசை மாறும், அங்கே கத்தியின் பேச்சைக் கேளுங்கள். சத்தம் சீராக இருந்தால் சரியான திசை. தடதடவென்று அதிர்ந்தால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் இதை யோசிக்காமலே கை செய்யத் தொடங்கிவிடும்.

குழி. வெளிப்பக்க முதுகை மெலிதாக்குவதற்கு முன்னால் குழியைத் தோண்டிவிடுங்கள். தடிமன் இருக்கும்போதுதான் பிடித்துக்கொள்ள வாகாக இருக்கும். உட்பக்கம் முடிந்தபின் அதற்கேற்ப வெளிப்பக்கத்தைச் சீவுவது சுலபம், தலைகீழாகச் செய்தால் எப்போது ஓட்டை விழும் என்று பயந்துகொண்டே தோண்ட வேண்டும். வளைகத்தி இருந்தால் நாருக்குக் குறுக்காக, விளிம்பிலிருந்து அடியை நோக்கிச் சீவ வேண்டும். வாங்குவதானால் ஸ்வீடனின் மோரா கம்பெனி 164 என்ற எண்ணில் ஒன்று விற்கிறது. நேர்க்கத்தியில் அவர்களுடைய 120 போதும். உள்ளூர்க் கொல்லரிடம் பழைய அரத்தைக் கொடுத்து நீட்டி வளைத்துத் தரச் சொன்னாலும் நல்ல வளைகத்தி கிடைக்கும்.

தச்சரிடம் குழிவான வாயுள்ள உளி இருந்தால் அதுவும் ஆகும். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உளி போடாதீர்கள். வெட்டுக்கட்டையில் இரண்டு முளை அடித்து, நடுவே கரண்டிக் கட்டையை வைத்து ஆப்பால் இறுக்கிவிட்டு, கொட்டாப்புளியால் தட்டுங்கள். குழியின் இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி. அடியைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறினால் அங்கே நார் கிளம்பும்.

காசில்லாத வழி என்றேனே, அது நெருப்பு. உளியும் வளைகத்தியும் கைக்கு வராத இடங்களில் உலகெங்கும் மனிதர்கள் மரத்தைக் குடைந்தது இப்படித்தான். கொட்டாங்கச்சிக் கரிக்கங்கு ஒன்றைக் குழி வரைந்த இடத்தின் நடுவில் வைத்து, ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊதாங்குழலால் மெதுவாக ஊதுங்கள். விளிம்புக் கோட்டைச் சுற்றி ஈரக் களிமண் அப்பிவைத்தால் நெருப்பு அதைத் தாண்டாது. கொஞ்சம் கருகியதும் கங்கைத் தள்ளிவிட்டு, கரியைச் சிப்பியால் சுரண்டி எடுங்கள், மறுபடி கங்கு வையுங்கள். பச்சை மரத்தில் இது மெதுவாகத்தான் நடக்கும்; அவசரப்பட்டுப் பலமாக ஊதினால் சூட்டில் ஓரம் கீறிவிடும். சாயங்காலம் ஒன்று முழுதாகப் போகும். வேண்டிய ஆழம் வந்ததும் கரி துளியும் இல்லாமல் நல்ல மரம் தெரியும்வரை சுரண்டிவிட வேண்டும். சமையல் கரண்டிக்கு 12 மி.மீ. ஆழம் போதும், சாப்பிடும் கரண்டியாக இருந்தால் 8 மி.மீ. தாண்ட வேண்டாம், உதடு அடிவரை எட்டாது.

அப்புறம் முதுகு. கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து வருடிக்கொண்டே சீவினால் தடிமன் எங்கே அதிகம் என்று கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். இந்தக் கட்டத்தில் எல்லா இடத்திலும் 6 மி.மீ. விட்டுவையுங்கள். கழுத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு ஒடுக்கினாலும் மேலிருந்து கீழாக உள்ள தடிமனை 12 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கிண்டும்போது பாரம் அந்தத் திசையில்தான் விழுகிறது.

பச்சையில் செய்ததை உடனே வெயிலில் வைத்தால் சித்திரை மாதத்தில் ஒரே மதியத்தில் கீறிவிடும். அதைச் செதுக்கும்போது விழுந்த சுருள்களோடு சேர்த்துச் செய்தித்தாளில் பொதிந்து, காற்று நேராகப் படாத அறை மூலையில் வையுங்கள். முதல் சில நாள் தினமும் ஒருமுறை பிரித்து ஈரத்தாளை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறந்தால் பூஞ்சணம் பிடிக்கும். செதுக்கிய கரண்டியை அரைமணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு உலர வைப்பவர்களும் உண்டு. பால் உள்ள மரத்துக்கும் பூச்சி அரித்த தடம் தெரியும் மரத்துக்கும் இது நல்ல பழக்கம். காய்ந்ததா என்று அறிய யூகம் வேண்டாம். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்று இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தால் காய்ந்துவிட்டது. இந்தத் தடிமனுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும்.

காய்ந்த பிறகு கத்தியை மறுபடி நன்றாகத் தீட்டி மெல்லிய இறுதிச் சீவல். விளிம்பை 3, 4 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, கூரான ஓரங்களையெல்லாம் மழுக்குங்கள். உப்புத்தாள் போடலாமா என்றால் போடலாம், காய்ந்த பிறகு மட்டும். ஈர மரத்தில் தாள் அடைத்துக்கொள்ளும். நான் கத்தியோடு நிறுத்தவே விரும்புவேன். கூர்மையான கத்தி நாரைச் சுத்தமாக அறுப்பதால் தண்ணீர் பட்டாலும் அதிகம் சொரசொரப்பாகாது. உப்புத்தாள் போடுவதானால் 120, 220, 400 என்ற எண்களில் வரிசையாகப் போய், நடுவில் ஒருமுறை தண்ணீரில் நனைத்து உலரவிடுங்கள். எழும்பி நிற்கும் நார்களைக் கடைசித் தாள் எடுத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் மரத்தில் கெட்டியாக உறையாது. கழுவக் கழுவப் போகும், சிக்கு வாடையும் வரலாம். தானாகக் காய்ந்து படலமாகும் எண்ணெய்தான் வேண்டும். நமக்கு எளிதில் கிடைப்பது ஆளிவிதை எண்ணெய், சாப்பிடும் தரத்தில் உள்ளது. பெயின்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும், அது கரண்டிக்கு ஆகாது. மெல்லிய பூச்சாகத் தடவி, அரைமணி கழித்து மிஞ்சியதைத் துடைத்து, காற்றோட்டமாக வைத்து, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

புழக்கத்தில் தண்ணீரில் ஊறவிடாமல் உடனே கழுவித் துடைத்து நிறுத்திவைத்தால் போதும். முதல் கரண்டி எல்லோருக்கும் கொஞ்சம் தடித்துத்தான் வரும். சில வாரம் அதிலேயே குழம்பு கிண்டிப் பாருங்கள். எந்த இடம் கையை உறுத்துகிறது, எந்த ஓரம் சட்டியின் அடியில் படியவில்லை என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் தண்ணீரில் பத்து நிமிடம் நனைத்துவிட்டுச் சீவினால் காய்ந்த மரத்திலும் கத்தி இறங்கும். சீவிய இடத்தில் மறுபடி எண்ணெய் பூசிவிடுங்கள்.